மறந்துபோன பாஸ்வேர்டு

அந்தத் தினசரி போன் அழைப்பு எந்த வருடம் தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. குணசீலனின் மனைவி, ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், இறந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். ஆம்பூருக்கு அருகே எங்கள் நகராட்சி அலுவலகத்தில் சர்வர்களையும் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும் மூத்த அதிகாரி குணசீலன். நாள் முழுக்க சர்வர் அறையில் தனியாக இருப்பார்.

தினமும் காலை பத்து மணிக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து மெஹருன்னிசா கூப்பிடுவார்.

“தம்பி, பாஸ்வேர்டு மறந்துட்டேன்.”

“மாத்திட்டேன்க்கா. எழுதி வச்சிக்கோங்க.”

“சரி. காலைல இன்னா சாப்ட்ட?”

“பன்னு.”

“அதெல்லாம் ஒரு சாப்பாடா?”

அதன்பின் மாலை வரை குணசீலனிடம் வேறு யாரும் பேசமாட்டார்கள்.

மெஹருன்னிசா ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் மேலாளர் சிரித்தார். “குணசீலன் சார், இனிமே உங்களுக்குப் பேஜார் கம்மி.”

கூட்டம் கலைந்தது. அலுவலக உதவியாளனாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என் காதில் குணசீலனும் மெஹருன்னிசாவும் பேசியது விழுந்தது.

“அக்கா, நீங்க ஒரு நாளும் மறக்கல. ஒன்பதே முக்காலுக்கே லாகின் பண்ணிட்டுதான் எனக்கு போன் பண்ணுவீங்க. சர்வர்ல பதிவாவும்.”

மெஹருன்னிசா தலை குனிந்தார். “எப்ப பார்த்த?”

“மொத வாரமே.”

“அப்புறம் ஏன் தினம் மாத்திக் குடுத்த?”



“சொல்லியிருந்தா கூப்பிடறத நிறுத்தியிருப்பீங்களே.”

மெஹருன்னிசா இப்போது சார்ஜாவில் மகள் வீட்டில் இருக்கிறார். மேலாளருக்கு வேலூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. சான்றிதழ்ப் பிரிவுக்குப் புதிதாக வந்த எழிலரசி எதையும் மறப்பதில்லை. குணசீலன் அதே அறையில் இருக்கிறார். எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.