ஒருநாள்கூட லாகின் பண்ணாதவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீஸின் சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்போல ஓடும் வர்ச்சுவல் மெஷின்கள் ஒன்றுகூடக் காலையிலிருந்து கிளம்பவில்லை. மேனேஜர் திருவேங்கடம், சர்வர் பார்க்கும் வசீமின் மேஜையைத் தட்டினார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"யூசர் லிஸ்ட்லேந்து ஒருத்தர நேத்து யாரோ தூக்கிட்டாங்க சார். எல்லாத்தையும் ஓட்டிக்கினு இருந்தது அவருதான்."

"நான்தான் தூக்கினேன். மூணு வருஷமா ஒருநாள்கூட லாகின் பண்ணல. அட்டெண்டன்ஸ்ல பேரே இல்ல. தண்டச்சோறு!"

"அவரு இல்லாம எதுவும் ஓடாது சார்."

திருவேங்கடத்தின் குரல் இறங்கியது. "எம்டி காதுக்குப் போறதுக்குள்ள கூப்டுய்யா. ஊடு எங்க, ஆவடியா? நானே போய்க் கூட்டினு வரேன்."

வசீம் இரண்டு வரி தட்டினான். மெஷின்கள் வரிசையாகக் கிளம்பின.

"அதுக்குள்ள வந்துட்டாரா?"

"அவரு மனுசனே இல்ல சார். மெஷின்கள ஓட்டறதுக்காக சர்வர்ல இருக்கற லினக்ஸ் சாஃப்ட்வேரே தானா உண்டாக்கி வச்சிக்கிற யூசர். லாகினே பண்ணாது."

திருவேங்கடம் எம்டி ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பதினெட்டு பேரக் கொறச்சிட்டேன்னு நேத்துதான எம்டி எனக்குச் சால்வை போட்டாரு! மிச்சம் பதினேழு பேரு?"

"அவங்களும் இவரோட சொந்தக்காரங்கதான் சார்."