குலைக்கிற சாதி

"இது கடிக்கிற சாதி. அந்தா நிக்கிறது குலைக்கிற சாதி. உங்கட வீட்டுக்கு எது தோதெண்டு பாத்து எடுங்கோ, தங்கச்சி."

பாக்கியரத்தினம் அல்சேஷனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். அன்புவழிபுரத்தில் அந்த மாதம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மோட்டர் களவு போய்க்கொண்டிருந்தது. நாய் கேட்டு வருகிற எல்லோர் முகத்திலும் அவருக்கு அந்த மோட்டர்தான் தெரிந்தது.

கஜந்தி நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கிறவள். சீசன் தொடங்கிவிட்டால் இரவு வேலை. மகள் லக்சாயினி பள்ளிக்கூட உடுப்போடு தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராவில பிள்ளைக்குத்தான் பயம், அண்ணை. நான் போனா விடியத்தான் வருவன்."

"பகல் வேலைக்கு மாற ஏலாதோ?"

"கேட்டுப் பாத்தனான். ராவுக்கு வேற ஆளில்லையாம்."

"அப்ப கதிரவேல் நிக்கிறான்தானே வீட்டில?" கேட்ட வாயாலேயே பதிலையும் அவர் சொல்லிக்கொண்டார். "ஓம், நிண்டு என்ன. பகல் முழுக்க மூட்டை இறக்கினவன் பாயில விழுந்தாப் பிணம். எனக்குத் தெரியாததே."

கஜந்தியின் புருசன் கதிரவேலும் அவரும் துறைமுகத்தில் ஒன்றாகச் சீமெந்து மூட்டை இறக்கியவர்கள். தோள்மூட்டு தேய்ந்துபோய் இவர் நாய் வளர்க்க வந்துவிட்டார்; அவன் இன்னும் இறக்குகிறான். குடியில்லை, சூதில்லை, சம்பளத்தை அப்படியே மனிசி கையில் கொடுக்கிறவன் என்று ஊரில் பேர். அந்த மனிசனின் வீட்டுக்குப் போகிற நாய் நல்ல நாயாக இருக்கவேண்டும் என்று நினைத்தார்.

"கள்ளனை ஆரும் கண்டதோ?"

"பிள்ளைதான் கண்டவள். அறை வாசல் மட்டும் வந்து நிண்டவராம்."

பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிண்டவராமோ? கள்ளப் பயலுக்கு என்னத்துக்கு மரியாதை? விட்டாக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் குடுப்பீங்கள் போல கிடக்கு."

கஜந்தி சிரிக்கவில்லை. அல்சேஷனைப் பார்த்தபடி, "இது எப்பிடி?" என்றாள்.

"ஒரு கிழமை சோறு போட்டாக் காணும். வீட்டு ஆக்கள் எல்லாரிட மணத்தையும் பிடிச்சிடும். பிறகு நீங்கள் மிதிச்சுக்கொண்டு போனாலும் வாய் திறக்காது. வெளியாள் மதிலில கை வைக்கட்டும், வச்ச கை திரும்பிப் போகாது."

அவர் நாயை உயர்த்த உயர்த்த அவள் முகம் இறங்கிக்கொண்டே போனது. விலைக்கு யோசிக்கிறாள் என்று எண்ணினார். "காசைப் பாக்காதேங்கோ. கதிரவேல் ஆறுதலாத் தரட்டும்."

"காசு கொண்டந்தனான். அந்த வெள்ளை?"

"பொமேரியனோ? அதை விடுங்கோ. திரியாயில ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போய், அடுத்த கிழமையே கொண்டந்து விட்டுட்டான். சோறு போடுறவன் அவன். அவன் ராவில ஒண்டுக்குப் போக எழும்பினாலும் ஊரைக் கூட்டுமாம். என்ட வீட்டுக்குள்ளயே நான் பதுங்கிப் பதுங்கி நடக்க வேண்டிக் கிடக்கெண்டு அழாக்குறை."

லக்சாயினி தாயின் சேலையை விட்டுவிட்டு வெள்ளை நாயின் கூட்டடியில் போய்க் குந்தினாள். நாய் அவள் விரலை நக்கி வாலாட்டியது. அவள் எழும்பிச் செருப்பைக் கழற்றினாள். சத்தம் கேட்காமல் பாதத்தை மெல்ல மெல்ல வைத்து நடந்து பார்த்தாள். நாய் குலைத்தது. இன்னும் மெதுவாக நடந்தாள். அது இன்னும் உரக்கக் குலைத்தது. வந்ததிலிருந்து அப்போதுதான் அந்தப் பிள்ளை சிரித்தது.

"பழகின பிறகும் இப்பிடித்தானோ, அண்ணை?"

"சாகு மட்டும் இப்பிடித்தான். பிறவிப் புத்தி."

"அப்ப இதைத் தாங்கோ."

"விசர்க் கதை கதையாதேங்கோ. இதின்ட பல்லுக்குக் காய்ஞ்ச பாணே கடிபடாது. குலைச்சு ஆரை எழுப்பப் போகுது, கதிரவேலையோ?"

"எங்கட பக்கம் வீடெல்லாம் நெருக்கம். அயல் எழும்பினாக் காணும்."

சொல்லிப் பயனில்லாத பிறவி என்று முணுமுணுத்துக்கொண்டே பாக்கியரத்தினம் சங்கிலியை மாட்டினார். விற்கிற நாய்க்குக் குறை சொல்லி விற்றது அன்றைக்குத்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"சரி, இதையாவது கேளுங்கோ. கேற்றடியில கட்டுங்கோ. கள்ளன் கால் வைக்க முன்னம் குலைக்க வேணும்."

"பிள்ளையிட அறை வாசலில கட்டப் போறன்."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்ல கதை. உள்ளுக்க வந்த பிறகு குலைச்சு என்ன பிரயோசனம்? கள்ளன் எந்தப் பக்கத்தால வாறவன் எண்டாவது தெரியுமோ உங்களுக்கு?"

கஜந்தி சங்கிலியை மகளின் கையில் கொடுத்து ஒழுங்கைக்கு அனுப்பினாள். பிள்ளையும் நாயும் முடக்குத் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவர் எங்கட வீட்டிலதான் படுக்கிறவர், அண்ணை."