டிவிக்குள் போகாத குரல்

படம் வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை.

டிவியில் ஒரு வடநாட்டுப் பெண் நகையும் பட்டுமாக நின்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வரவேண்டிய தமிழ், மேசைமேல் இருந்த லேப்டாப்பில் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

அந்தத் தமிழ் இவளுடையது.

முகம் எவளோ ஒருத்தியுடையது. இந்தி சீரியலுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற வேலை இவளுக்கு. குரல் வராவிட்டால் அந்தப் பெட்டிக்குள் இவள் இல்லவே இல்லை.

"வருதாம்மா?" என்று தன் அம்மாவிடம் கேட்டான் இவள் கணவன்.

"பொண்ணு நல்லா லட்சணமா இருக்கா" என்றார் அத்தை.

இவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். லேப்டாப், செல்போன் எல்லாம் அவரைப் பொறுத்தவரை ஊமை. டிவி ஒன்றுதான் அவரோடு பேசும்.

இன்று அது பேசியே ஆகவேண்டும். மீதி சீரியல் முழுக்க இவளுக்கே என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் போகவேண்டும். பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. அத்தையை விட்டால் பார்த்துக்கொள்ள வேறு யார்? ஆனால், "மூஞ்சியே தெரியாத வேலைல என்ன இருக்கு?" என்று அத்தை ஒருநாள் சொன்னது இவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது. முதலில் குரலைக் காட்டிவிட வேண்டும். பிள்ளை விஷயத்தைப் பிறகு மெதுவாகச் சொல்லலாம்.

அதற்குத்தான் இத்தனை பாடு.

லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போன ஒயரைக் கணவன் பிடுங்கினான். சொருகினான். மறுபடி பிடுங்கி, வாயால் ஊதிவிட்டுச் சொருகினான். எந்த மெஷினையும் ஊதினால் சரியாகிவிடும் என்று இந்த ஆண்பிள்ளைகளுக்கு யார்தான் சொல்லிவைத்தார்களோ. அப்புறம் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை ஏற்றினான். ஏற்றிக்கொண்டே இருந்தான். கோடு கடைசி வரை போய் முட்டி நின்றது.

டிவி வாயே திறக்கவில்லை.

"ஒயரு போயிடுச்சி. வேற வாங்கிட்டு வரேன்" என்று சட்டையைத் தேடினான்.

இவன் கடைக்குப் போனால் வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டுத்தான் திரும்புவான். அதற்குள் அத்தை கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். நடக்கிற காரியமா? இவளே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையின் ஓரத்தில் குட்டியாய் ஒரு ஸ்பீக்கர் படம். அதை அழுத்தினாள். சத்தம் எதில் வரவேண்டும் என்பதற்கு இரண்டு பெயர்கள் வந்தன. மேலே லேப்டாப். கீழே டிவி.

அட, இவ்வளவுதானா!

இரண்டாவதை அழுத்தினாள்.

வந்தது பாருங்கள் சத்தம்.

"இந்த வீட்ல இனிமே என் பேச்சுதான் எடுபடும்! வாயை மூடிட்டு ஒரு மூலையில உக்காருங்க, அத்தை!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாயில் தூங்கிய பிள்ளை வீலென்று அலறியது. அடுக்களையில் ஏதோ விழுந்து உருண்டது.

போச்சு.

உதடு ஒட்டுகிறதா, மூச்சு சரியான இடத்தில் விழுகிறதா, கோபம் போதுமா என்று அந்த வசனத்தை எத்தனை தடவை பேசிப் பேசிப் பார்த்திருப்பாள்! என்ன பேசுகிறோம் என்று ஒரே ஒரு தடவை யோசித்திருக்கக் கூடாதா? ஸ்டுடியோவில் அது வெறும் வசனம். இங்கே சோபாவில் நிஜ அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

அத்தை டிவியைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார். மூடியிருந்த இவள் வாயைப் பார்த்தார். பிறகு டிவியை. மறுபடி இவளை.

டிவிப் பெண்ணின் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி மாமியாரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு தடதடத்தது.

மாடிப் போர்ஷன் தயாளன் சார், பனியனோடு. அவருக்குப் பின்னால் அவர் மனைவி, கையில் கரண்டியோடு.

"என்னம்மா இது? பெரியவங்களப் போய் இப்படியா பேசறது? மாடி வரைக்கும் கேக்குது!"

கணவன் பாய்ந்து லேப்டாப்பை நிறுத்தினான். இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவ்வளவு பெரிய குரல்காரிக்கு, அப்போது பார்த்துக் குரலே எழும்பவில்லை.

அத்தை எழுந்தார். அழுத பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நேராக வாசலுக்குப் போனார்.

"ஆமா, எங்க எழிலுதான் கத்தினா. சும்மாவா கத்துறா? சம்பளம் வாங்கிட்டுக் கத்துறா. திங்கக்கிழமையிலருந்து தெனமும் போவா. புள்ளைய நான் பாத்துப்பேன். உள்ள வந்து உக்காருங்க, மறுபடி போடச் சொல்றேன்."

எழில் திகைத்துப்போனாள். திங்கட்கிழமை விஷயத்தை அவள் இன்னும் அத்தையிடம் சொல்லவே இல்லையே.

கணவனைப் பார்த்தாள். அவன் ரிமோட்டைக் குப்புறத் திருப்பி, பேட்டரி மூடியை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

தயாளன் சார் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவி கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கணவன் டிவியின் சத்தத்தைக் குறைக்கப் போனான்.

"டேய், கொறைக்காத" என்றார் அத்தை. "எதிர்வீட்டுக்காரி இன்னும் வரல."