ஏசி அறைத் தூக்கம்

ஓசூர் தொழிற்சாலையில் பழைய லேத் மெஷின்களை எடுக்கப்போகிறார்கள். கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டத் தெரியாதவர்களுக்கு வெளியூர் மாற்றல். முத்துமணியோ தினமும் சாப்பாட்டு இடைவேளையில் புது மெஷின் இருக்கும் ஏசி அறைக்குள் புகுந்துவிடுவான்.

“ஊரை விட்டே தூக்கப்போறாங்க, உனக்குத் தூக்கம் கேக்குதா?” என்பான் பக்கத்து லேத்தில் வேலை செய்யும் பிரதாப்.

“ஜில்லுனு இருக்குதுண்ணா.”

ஆயுத பூஜையன்று அவரவர் தம் லேத்துக்குப் பொட்டு வைத்தார்கள். முத்துமணி சந்தனக் கிண்ணத்தோடு ஏசி அறைக்குப் போனான்.

“டேய், ஓட்டுறவன்தான்டா பொட்டு வைக்கணும்!” என்று கத்தினான் பிரதாப்.

“அவன்தான் ஓட்டுறான்,” என்றார் மேனேஜர். “ஆறு மாசமா சாப்பாட்டு நேரத்துல கத்துக்கிட்டான். நேத்து தனியா ஓட்டிக் காட்டிட்டான்.”

பிரதாப் தலையைச் சொறிந்தான். “நானும் அங்க தூங்க வரட்டுமாடா?”

“நாளைக்கு விஜயதசமி. நோட்டோட வாண்ணா!”