எதிர்த்தெரு

மலைமேல் யாருக்குப் பக்கவாதம் வந்து கைகால் விழுந்தாலும், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு புறா கொண்டுவருவார்கள். அறுத்து, சூடு ஆறுமுன் ரத்தத்தை மரத்துப்போன பக்கம் தேய்க்க வேண்டும். தவசிக்கு வலப்பக்கம் விழுந்து மாதமாகிவிட்டது. அன்று ஜீப் கிடைத்து மலையிறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது; விழுந்த சில மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி, இனிப் போட்டும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி போதுமணிக்குத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துவிட்டது. கட்டிலடியில் கூடைக்குள் மிச்சப் புறாக்கள் ஓயாமல் குனுகின. அந்தச் சத்தமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மதுரையிலிருந்து தவசியின் தம்பி காசிலிங்கம் வந்தான். போன வருடம் அவனுக்கும் இதே வாதம், இதே வலப்பக்கம். விறுவிறுவென்று மேடேறி வந்தவன், இரண்டு கைகளாலும் ஒரு புறாவை நீட்டினான்.

"ஒங்களுக்கு எத்தன புறா அறுத்தாக?" என்றாள் போதுமணி.

"ஒண்ணும் அறுக்கல மதினி. ஒடனே ஊசி போட்டுட்டாக. ஆசுபத்திரி எதுத்த தெருவுலதான இருக்கு."

அவள் அவனுடைய வலக்கையையே பார்த்தாள். புறா திமிறிப் பார்த்தது. கை விடவில்லை, நல்ல பிடி.

"இதுக்குப் பதிலா அந்தத் தெருவக் கொண்டாந்திருக்கலாம்ல, தம்பி."