படுக்க வைத்த குப்பி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஜூலை வெயில் ஆய்வக மேசையில் விழுகிறது. கோடை ஆராய்ச்சிக்குச் சம்பளத்தோடு வந்திருக்கும் மாணவி கேலின், சோதித்துப் பார்க்க மயக்கிய பழ ஈயைத் தூரிகை நுனியால் குப்பிக்குள் இறக்குகிறாள். இத்தனை வாரத்தில் சிறகு சுருண்டு பிறந்தது இது ஒன்றுதான். வாயைப் பஞ்சால் அடைத்ததும் குப்பியை நிமிர்த்தி வைக்கிறாள். பேராசிரியை ஹாப்ட் வாய் நிறைய ரொட்டியோடு பாய்ந்து வந்து அதைப் படுக்க வைக்கிறார்.

"முழிக்கிற வரைக்கும் படுத்தே இருக்கட்டும். அடியில இருக்கிற ஈரத் தீனியில ஒட்டிக்கிட்டா செத்துடும்."

"மறந்தே போச்சு."

இருவரும் மேசையில் கன்னம் பதித்துப் பார்க்கிறார்கள்.

"ஈ முழிக்கிறதப் பாக்கவா சம்பளம்னு எங்கப்பா கேக்குறார்," என்கிறாள் கேலின்.

"எங்கப்பா இன்னும் கேக்குறார்."

குப்பிக்குள் ஒரு கால் அசைகிறது. ஹாப்ட் அப்போதுதான் வாயிலிருக்கும் ரொட்டியை மெல்லத் தொடங்குகிறார்.