இன்சாஃபின் மஞ்சள் உடை

இன்சாஃப் ஆலயத்துக்குள் நுழைந்ததும் பாட்டு ஒரு வரி தடுமாறி, பிறகு தொடர்ந்தது.

பலிபீடத்துக்கு முன்னால் அவள் புருஷன் கொப்ரியாலின் சவப்பெட்டி. மேலே, பூசைப் பாட்டுக்கு அவர் தட்டிய கைத்தாளம். சுற்றிலும் கறுப்பு உடுத்திய பெண்கள். குவிமாடத்துச் சன்னல் வழியே விழுந்த காலை வெயிலில் சாம்பிராணிப் புகை மெல்ல மிதந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து, பூப்போட்ட மஞ்சள் உடையில், கண்ணுக்கு மை தீட்டி, கனவில் வருகிறவள்போல அவள் நடந்து வந்தாள்.

“யார் வீட்டுக் கல்யாணமாம்?” என்றாள் ஒருத்தி.

“அடுத்த மாப்பிள்ளை தயாராயிட்டான் போல” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

கொப்ரியாலின் அக்கா ஃபவ்ஸியா எழுந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“என்னடி வேஷம் இது? நேத்து சாயங்காலம்தான் உசுரு போச்சு. அதுக்குள்ள மையா? இந்தா, போர்த்திக்க.” தன் கறுப்புச் சால்வையை நீட்டினாள்.

“வேணாம் அண்ணி.”

“நைலுக்கு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் எங்க மானம் போகணுமா?”

“நாளையிலேருந்து சாகற வரைக்கும் கறுப்புதான் உடுத்துவேன். இன்னிக்கு மட்டும் விடுங்க.”

பாட்டு நின்றது. தூபக் கலசத்தை வைத்துவிட்டுப் பாதிரியார் அபூனா பிஷாரா இறங்கி வந்தார். கொப்ரியால் பாடப் பாட, நாற்பது வருஷம் அதே ஆலயத்தில் பூசை வைத்தவர்.

“மகளே, ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருக்கு அபூனா. ஆனா மலை மேல மாதா மடத்துக்கு வருஷா வருஷம் நாங்க நடந்தே போனது உங்களுக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம். ஒரே வேண்டுதல். யார் யாருக்கோ அற்புதம் நடந்துச்சு, எங்களுக்கு நடக்கல. அவரு ஒரு நாளும் கோவிச்சுக்கல. ‘மாதா இல்லேன்னு சொல்லல இன்சாஃப், அப்புறம்னுதான் சொல்றா’ன்னு சிரிப்பாரு.”

அவள் பெட்டியின் ஓரத்தைத் தடவினாள்.

“பொறந்ததுலேருந்தே பார்வை இல்லாத மனுஷன். என் முகம் அவரு விரலுக்குத்தான் தெரியும். ‘மஞ்சள்னா எப்படி இருக்கும்’னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்குச் சொல்லத் தெரிஞ்சதே இல்ல. இன்னிக்குத்தான் அங்கேருந்து மொத மொதலாக் கண்ணத் தொறந்து பாக்கறாரு அபூனா. அந்த நேரத்துல நான் கறுப்புல நிக்கலாமா?”

அபூனா தலை குனிந்தார்.

ஃபவ்ஸியாதான் முதலில் அசைந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்சாஃபைக் கைப்பிடித்து, கூட்டத்தை விலக்கி, வெயில் விழுகிற இடத்துக்கு அழைத்துவந்தாள்.

“இங்க நில்லு. தம்பி இதுக்கு முன்னால உன்னப் பாத்ததில்ல. கூட்டத்துல தேடப் போறான்.”